யூஎஸ்பி ஐசொலேட்டரும் மலையகத்து எர்த்தும்

கணினியில் பாட்டுக் கேட்பவர்கள் மத்தியில் யூஎஸ்பி ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டிக்குப் பெரிய பெயர் உண்டு. மடிக்கணினிக்கும், எண்களை ஒலியலையாக மாற்றும் ‘டாக்’ என்ற கருவிக்கும் இடையில் அதைச் செருகினால் குரல் தெளியும், பாஸ் இறுகும், வாத்தியங்கள் தனித்தனியாக விலகி நிற்கும் என்கிறார்கள் விற்பவர்கள். கருவி வைத்து அளப்பவர்களோ, பல வீடுகளில் அதைச் செருகுமுன்னும் செருகியபின்னும் டாக்கிலிருந்து வெளிவருவது ஒன்றேதான் என்று காட்டுகிறார்கள். இரு தரப்பும் பேசாமல் விடுவது வீட்டின் மின்சாரத்தை. இலங்கையின் ஊவா மலையகத்தில், ஹல்துமுல்லை, ஹப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்ட வீடு ஒன்றில் இந்தப் பெட்டி பயன்படுமா என்று கேட்டால், விடை பெட்டிக்குள் இருப்பதைவிடச் சுவரிலுள்ள சொக்கெட்டுக்குப் பின்னால்தான் அதிகம் இருக்கிறது.

முதலில் எண்களின் பக்கத்தைப் பார்த்துவிடலாம். இறுவட்டுத் தரத்தில் ஒரு பாட்டு விநாடிக்கு 44,100 மாதிரிகள் கொண்டது. ஒவ்வொன்றும் 16 பிட். இடம், வலம் என இரண்டு. ஆக விநாடிக்கு 14 இலட்சம் பிட்டுக்குச் சற்று மேல். இவை கம்பி வழியே பிசகாமல் போய்ச் சேர்ந்துவிட்டால் கம்பியின் வேலை முடிந்தது. பிசகினால்? யூஎஸ்பியில் ஒலி போகும் முறையில், கெட்டுப்போன பொதியைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்க வழியில்லை. அதனால் ‘டிக்’ என்ற சத்தமோ கண நேர வெறுமையோ காதில் விழும். பிட் பிசகியதால் பாடகி சுசீலாவின் குரல் கொஞ்சம் மங்கியது, ஐசொலேட்டர் வந்ததும் இனிமை திரும்பியது என்பது நடக்கக்கூடிய காரியமில்லை. எண் கெட்டால் முரட்டுத்தனமாகத்தான் கெடும்.

நேரத் தளம்பல் பற்றியும் பேச்சு உண்டு. ஒவ்வொரு மாதிரியும் சரியான கணத்தில் ஒலியாக மாற வேண்டும். கணம் தள்ளாடினால் ஒலியும் கெடும். இது உண்மையான கவலைதான். ஆனால் இன்றைய டாக்குகளில் பெரும்பாலானவை தமக்குள் இருக்கும் பளிங்குக் கடிகாரத்தின்படியே ஓடுகின்றன. கணினியைப் பார்த்து ‘கொஞ்சம் கூட அனுப்பு, கொஞ்சம் குறை’ என்று ஆணையிடுவது டாக்தான். வந்த தரவு சிறு தாங்கு நினைவகத்தில் காத்திருந்து, டாக்கின் கடிகாரம் அடிக்கும்போது வெளியேறுகிறது. கம்பியில் அது எப்படி வந்தது என்பதற்கு அதன் பிறகு மதிப்பில்லை.

அப்படியென்றால் இந்தப் பெட்டி வெறும் வியாபாரமா? இல்லை. யூஎஸ்பி கம்பிக்குள் தரவுக்கான இரு கம்பிகளோடு 5 வோல்ட்டுக்கு ஒன்றும் கிரவுண்டுக்கு ஒன்றும் இருக்கின்றன. மேலே கவசமும் உண்டு. எண்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அந்தக் கிரவுண்ட் கம்பி கணினியின் உடலையும் டாக்கின் உடலையும் செம்பால் கட்டிப் போடுகிறது. டாக்கிலிருந்து அம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆர்சிஏ கம்பியின் வெளிக்கவசம் அந்தக் கட்டை மேலும் நீட்டுகிறது. கணினியின் சார்ஜர் மூன்று முள் பிளக்கில், அம்ப்ளிஃபயரும் மூன்று முள் பிளக்கில் என்றால், இரண்டின் எர்த்தும் சுவருக்குள் சந்தித்து ஒரு முழு வளையம் உருவாகிவிடும். வளையம் இருந்தால் மின்னோட்டம் சுற்றும். அது சுற்றுகிற பாதையில் ஒரு துண்டு, பாட்டைச் சுமக்கும் ஆர்சிஏ கம்பியின் கவசம். தொல்லை பிறப்பது அங்கேதான்.

கணக்குப் போட்டால் இது விளங்கும். வளையத்தில் 10 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, ஆர்சிஏ கவசத்தின் தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கவசத்தின் இரு முனைக்கும் இடையே 1 மில்லி வோல்ட் எழும். அம்ப்ளிஃபயருக்கு அது பாட்டோடு கலந்த 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். டாக்கின் முழு வெளியீடு 2 வோல்ட் என்றால் இரைச்சல் அதற்கு 66 டெசிபெல் கீழே. இரவில் மெதுவான பாட்டுக்கு நடுவே காதில் விழும் அளவு. இனி அந்த ஆர்சிஏ முனையில் பச்சை பிடித்திருக்கிறது, தடை 1 ஓமாக ஏறிவிட்டது என்று எண்ணுங்கள். இரைச்சலும் பத்து மடங்காகி 46 டெசிபெலுக்கு வந்துவிடும். மூடுபனி அறைக்குள் வந்து போகும் மலைச்சரிவு வீடுகளில் பிளக் முனைகள் பச்சை பிடிப்பது புதுமையில்லை. ஐசொலேட்டர் வாங்கும் முன் முனைகளைச் சுத்தமான ஸ்பிரிட்டில் துடைத்து இறுக்கிச் செருகச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். பாதி வீடுகளில் தொல்லை அங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

இரண்டு முள் சார்ஜர் உள்ள மடிக்கணினியில் எர்த் வளையம் இல்லை. ஆனால் சார்ஜருக்குள், மின்சாரப் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைக்கும் சிறு கொள்ளளவி ஒன்று உண்டு. கணினியின் உலோக மேற்பரப்பைப் புறங்கையால் தடவினால் நடுங்குவது போலத் தோன்றுவது அதனால்தான். 2.2 நானோஃபாரட் கொள்ளளவி, 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்றால் கசிவது ஏறத்தாழ 0.16 மில்லி ஆம்பியர். உயிருக்கு ஆபத்தில்லை; நல்ல கம்பியில் ஒலிக்கும் கெடுதல் இல்லை. இந்தக் கசிவை மட்டும் காரணம் காட்டி ஐசொலேட்டர் விற்பவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

50 ஹேர்ட்ஸ் மட்டும்தான் ஓடும் என்றும் இல்லை. யூஎஸ்பியின் பழைய வேகத்தில் தரவு ஒரு மில்லி விநாடிக்கு ஒரு சட்டமாகப் போகிறது. உயர் வேகத்தில் அதை எட்டாகப் பிரித்து 125 மைக்ரோ விநாடிக்கு ஒன்று. இந்தத் துடிப்பு கணினியின் கிரவுண்டிலும் டாக்கின் 5 வோல்ட்டிலும் ஏறும். மோசமான அமைப்பில் முதலாவது 1 கிலோ ஹேர்ட்ஸ் கீச்சாகவும் இரண்டாவது 8 கிலோ ஹேர்ட்ஸ் கீச்சாகவும் கேட்கும். மவுஸை அசைக்கும்போது ஸ்பீக்கரில் ‘கிர்ர்’ என்று இழைவதும் இதே குடும்பம். இப்படி ஒன்று கேட்டால் ஐசொலேட்டருக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது.

இனி ஊவாவின் மின்சாரம். இலங்கையில் மின்விநியோகக் கம்பி வீட்டுக்கு எர்த்தைக் கொண்டுவந்து தருவதில்லை. வீட்டுக்காரரே செப்புக் கம்பி ஒன்றை மண்ணில் அடித்து எர்த் எடுக்க வேண்டும். உயிர்க் காப்புக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் டிரிப் சுவிட்ச் உண்டு. இந்த முறையில் எர்த் கம்பியின் தடை நூற்றுக்கணக்கான ஓமாக இருந்தாலும் டிரிப் சுவிட்ச் தன் வேலையைச் செய்துவிடும். 50 வோல்ட்டை 30 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 1,600 ஓமுக்கு மேல் வருகிறது. அதனால் மோசமான எர்த் வருடக்கணக்கில் கண்ணில் படாமலே இருக்கலாம். மேல்மண் மெல்லியதாகவும் அடியில் உருமாறிய பாறையாகவும் உள்ள மலைச்சரிவில் நல்ல எர்த் கிடைப்பது சமவெளியைவிடக் கடினம். பருவமும் சேர்ந்துகொள்கிறது. கச்சான் அடித்து மண் காயும் மாதங்களில், அதாவது ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அதே காலத்தில், கம்பியைச் சுற்றியுள்ள மண்ணின் தடை ஏறும். ஐப்பசி மழைக்குப் பின் இறங்கும்.

ஒரே எர்த் கம்பியில் வீடு முழுவதும் கட்டப்பட்டிருந்தால், அந்தக் கம்பி மோசமானது என்பதால் மட்டும் இரைச்சல் வராது. எல்லாக் கருவிகளும் சேர்ந்தே ஏறி இறங்கும். தொல்லை, இரண்டாவது எர்த் ஒன்று கள்ளத்தனமாக உள்ளே வரும்போது. அதற்கு மிகப் பொதுவான வாசல் செட்டலைட் டிஷ். டிஷ்ஷின் இரும்புக் கம்பம் முற்றத்து மண்ணில் நிற்கிறது. அதன் கம்பிக் கவசம் டிகோடர் வழியாகத் தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து அம்ப்ளிஃபயருக்கும் வருகிறது. வீட்டு எர்த்துக்கும் கம்பத்தின் மண்ணுக்கும் இடையே சில வோல்ட் வித்தியாசம் இருந்தால், அது ஒலிக் கம்பிகளின் கவசம் வழியாகத்தான் சமன் செய்துகொள்ளும். அந்த வீட்டில் யூஎஸ்பி ஐசொலேட்டர் போட்டாலும் தொலைக்காட்சி வழியாக வரும் இரைச்சல் நிற்காது. அது வேறு கிளை. எலக்ட்ரீசியன் ஒருவரைக் கொண்டு டிஷ் கம்பத்தையும் வீட்டு எர்த்தையும் ஒன்றாகக் கட்டுவதே சரியான மருந்து.

சிலர் வேறொரு மருந்தைச் சொல்லித் தருகிறார்கள்: அம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்று, இரைச்சல் நின்றுவிடும் என்று. நின்றுவிடும், உண்மைதான். உள்ளே ஒரு கம்பி அறுந்து உடலைத் தொட்டால் உலோகப் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டில் காத்திருக்கும் என்பதும் உண்மை. பழைய வயரிங்கில் எர்த்தே இல்லாத சொக்கெட்டுகள் இன்னும் உண்டு; டிரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தாண்டிக் கம்பி இழுத்த இடங்களும் உண்டு. பாட்டுக்காக யாரும் எர்த்தைத் துண்டிக்கக் கூடாது. யூஎஸ்பி ஐசொலேட்டரின் உண்மையான பெருமை இதுதான்: வளையத்தை யூஎஸ்பி கம்பியில் வெட்டுகிறது, பாதுகாப்புக் கம்பியைத் தொடுவதில்லை.

அது எப்படி வெட்டுகிறது? மலிவான ஐசொலேட்டர்களில் பெரும்பாலும் இருப்பது அனலொக் டிவைசஸ் நிறுவனம் 2009 வாக்கில் கொண்டுவந்த ஏடியுஎம் 4160 அல்லது அதன் தம்பி 3160. சிப்புக்குள் சோடி சோடியாக நுண்ணிய சுருள்கள், நடுவே பொலிஇமைட் படலம். ஒரு சுருளில் எழும் துடிப்பு காந்தப்புலமாகத் தாண்டி மறு சுருளில் துடிப்பாகிறது. செம்பு தொடவில்லை, செய்தி மட்டும் கடக்கிறது. யூஎஸ்பியில் இது எளிதல்ல. ஒரே சோடிக் கம்பியில் கணினியும் பேசும், கருவியும் பேசும். இப்போது பேசுவது யார் என்று சிப் நொடிக்கு நொடி கண்டுபிடித்துத் திசையைத் திருப்ப வேண்டும்.

இந்தச் சிப்பின் வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். உயர் வேகமான 480 மெகாபிட் இதற்கு எட்டாது. கேட்பவருக்கு இதனால் என்ன நட்டம் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். பழைய வேகத்தில் ஒலிக்கென ஒரு மில்லி விநாடியில் ஒரு பாதையில் போகக்கூடியது 1,023 பைட். 96 கிலோ ஹேர்ட்ஸ், 24 பிட், இரண்டு அலைவரிசைக்கு மில்லி விநாடிக்கு 576 பைட் போதும். 192 கிலோ ஹேர்ட்ஸுக்கு 1,152 பைட் வேண்டும், இடமில்லை. ஆகவே 96க்குள் கேட்பவருக்கு மலிவுப் பெட்டியே தாராளம். சில டாக்குகள் உயர் வேகத்தில் மட்டுமே பேசப் பழகியவை. அவற்றை இந்தப் பெட்டியில் செருகினால் கணினி அடையாளமே காணாது. வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயர் வேகத்துக்கு ஜெர்மனியின் இன்டோனா வழி கண்டது. பின்னர் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் அனலொக் டிவைசஸும் அதற்கெனத் தனிச் சிப்புகளை வெளியிட்டன. டொப்பிங் போன்ற ஒலிக் கருவி நிறுவனங்களும் உயர் வேகப் பெட்டிகள் விற்கின்றன. மலிவுப் பெட்டியோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு.

மலிவுப் பெட்டியின் பலவீனம் சிப்பில் இல்லை, மின்சாரம் தரும் துண்டில் இருக்கிறது. மறுபக்கத்துக்கு 5 வோல்ட் வேண்டுமே. அதைத் தருவது பெரும்பாலும் 1 வாட் அளவான சிறு மாற்றி. 200 மில்லி ஆம்பியருக்கு மேல் அதால் முடியாது. யூஎஸ்பி துளை தரவேண்டிய 500 மில்லி ஆம்பியரை நம்பி வடிவமைத்த டாக் அதில் எழும்பாது, அல்லது உரத்த இடத்தில் தடுமாறும். அந்த மாற்றி தானே வேகமாக அணைந்து எரிந்து சத்தம் எழுப்புவது; வடிகட்டி சரியில்லையென்றால் ஓர் இரைச்சலை விரட்டி இன்னொன்றை அழைத்து வந்ததாகும். சிப்பின் மேல் 5,000 வோல்ட் என்று போட்டிருந்தாலும் மாற்றி தாங்குவது ஓராயிரம் வோல்ட் அளவே. தனி மின்சாரம் உள்ள டாக்குக்கு இந்தக் குறை பொருட்டல்ல. யூஎஸ்பியிலிருந்தே உயிர் வாழும் டாக்குக்கு இதுவே முதல் கேள்வி.

‘ஃபில்டர்’, ‘ரீகுளொக்கர்’ என்ற பெயர்களில் வரும் சில பெட்டிகள் ஐசொலேட்டர் போலவே தோன்றும். அவற்றுள் பல கிரவுண்டை வெட்டுவதில்லை. செம்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நேராகப் போகிறது. எர்த் வளையத்துக்கு அவை மருந்தாகா.

வளையமோ கீச்சோ இல்லாத வீட்டில் ஐசொலேட்டர் ஒலியை உயர்த்துமா? உயர்த்தாது என்பதே என் முடிவு. உயர்ந்ததாகக் கேட்டவர் பொய் சொல்லவில்லை. பணம் கொடுத்து, காத்திருந்து, வேறு மனதோடு உட்கார்ந்து கேட்கும்போது பழகிய பாட்டில் புதிய விவரம் கேட்பது மனித இயல்பு. அரை டெசிபெல் கூடினாலே ‘தெளிவு’ என்று தோன்றும். எது செருகியிருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல், ஒலியளவைச் சமப்படுத்தி, நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிச் செருகச் சொன்னால் உண்மை வெளிவரும். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் டாக்கின் வெளியீட்டை இருமுறை பதிந்து, மீடிறன் வரைபடத்தில் 50, 100, 150 ஹேர்ட்ஸிலும் 1, 8 கிலோ ஹேர்ட்ஸிலும் முட்கள் நிற்கின்றனவா என்று பார்ப்பது அதைவிட உறுதி.

இன்னும் எளிய சோதனையும் உண்டு. 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் கேட்கும்போது மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி கணினிப் பக்கத்து வளையம், ஐசொலேட்டர் உதவும். நிற்காவிட்டால் அது வேறு பக்கம், ஐசொலேட்டர் உதவாது. மலையகத்தில் இளைஞர்கள் பெரும்பாலும் போனில்தான் பாட்டுக் கேட்கிறார்கள். சார்ஜர் செருகாத போன் தானாகவே ஓர் ஐசொலேட்டர். அதில் டாக் செருகிக் கேட்பவர் ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை. ஒளிக்கம்பி உள்ளவர்களுக்கும் அப்படியே. தொஷிபா 1983இல் கொண்டுவந்த அந்தக் கம்பியில் ஒளிதான் போகிறது, செம்பு இல்லை. வைஃபையிலும் இல்லை. 2022இல் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட நாட்களில் பலர் வாங்கி வைத்த மலிவு இன்வெர்ட்டர்களைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: அவை தரும் அலை சைன் வடிவில் இல்லாமல் படிக்கட்டாக இருக்கும். அதில் எழும் இரைச்சல் அம்ப்ளிஃபயரின் மின்சாரம் வழியாகவே நுழையும். யூஎஸ்பியில் எதைச் செருகியும் பயனில்லை.

மின்னலுக்கும் இது காவல் இல்லை. சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடி இந்த மலைகளில் வழக்கம். இடி முழங்கினால் பிளக்கையும் டிஷ் கம்பியையும் கழற்றி வைக்கும் பழைய வழக்கத்தை எந்தச் சிப்புக்காகவும் விடக்கூடாது.

ஐசொலேட்டர் இந்த மண்ணில் மிகவும் தேவைப்படும் இடம் பாட்டுக் கேட்கும் அறை அல்ல என்று நினைக்கிறேன். வீடுகளில் இன்னும் பழைய கசட்டுகள் கிடக்கின்றன: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், திருவிழாத் தப்பு, இறந்துபோன பாட்டியின் தாலாட்டு, இலங்கை வானொலியிலிருந்து பதிந்த மயில்வாகனத்தின், கே.எஸ். ராஜாவின், ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தவில் மண்சரிவில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த மக்களுக்கு, வீட்டுப் பெட்டிக்குள் இருப்பது எவ்வளவு நாள் இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2005இலிருந்து ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் சேர்த்துவருகிறது; அத்தகைய ஆவணங்களில் மலையகத்தின் குரல் இன்னும் நிறையச் சேர வேண்டும். அதற்கு யாரோ ஒருவர் வீட்டில் கசட் பிளேயரை யூஎஸ்பி ஒலிப்பெட்டியோடும் கணினியோடும் இணைத்தாக வேண்டும். எர்த் வளையம் அங்கே மறுபடி பிறக்கிறது.

கேட்கும்போது வரும் இரைச்சல் நாளைக்குத் திருத்தக்கூடியது. பதிவுக்குள் போன இரைச்சல் பாட்டோடு ஒட்டிக்கொண்டுவிடும். கசட் பிளேயரின் வெளியீடு அரை வோல்ட்டுக்குக் குறைவு. அதே 1 மில்லி வோல்ட் இரைச்சல் இங்கே 52 டெசிபெல் அளவுக்குக் கிட்ட வந்து, நாடாவின் இயல்பான ‘ஸ்ஸ்’ இரைச்சலோடு போட்டி போடுகிறது. மென்பொருளால் 50, 100, 150 ஹேர்ட்ஸை வெட்டி எடுக்கலாம். ஆனால் தப்பின் அடிநாதத்திலும் ஆண்குரலின் கனத்திலும் ஒரு பகுதி அதே இடத்தில்தான் இருக்கிறது, அதுவும் சேர்ந்து போகும். ஆகவே பதியும்போது கணினியைப் பற்றரியில் ஓடவிடுங்கள். நாடாக்கள் நிறைய இருந்து பற்றரி போதாதென்றால், சார்ஜரைச் செருகி நடுவே ஐசொலேட்டரைப் போடுங்கள். ஒலி, ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் பதிவுக்குக் குறைந்தபட்சம் 48 கிலோ ஹேர்ட்ஸ், 24 பிட் கேட்கிறது. அதற்கு வேண்டியது விநாடிக்கு 2.3 மெகாபிட்; ஒலிப்பெட்டி 200 மில்லி ஆம்பியருக்குள் ஓடக்கூடியதாக, பழைய வேகத்திலும் பேசக்கூடியதாக இருந்தால், 12 மெகாபிட் மலிவுப் பெட்டியே இந்த வேலைக்குப் போதும்.